பேருக்கு ஒரு ஸ்டார்ட்

என் தங்கை தேவிகா ஒரு கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு கல்யாணம் நிச்சயமாகி நடந்தும் முடிந்துவிட்டன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் வருவாய்த் துறையில் எழுத்தர். ஒரு பட்டா பெயர் மாற எங்கள் அலுவலகத்தில் எவ்வளவு நாளாகும் என்று தெரிந்தவன். தாமதத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நாங்கள் கோப்பைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அவள் கொண்டுவந்தாள்.

கார் ஒரு பழைய அம்பாசடர். நாகூரில் யாரோ வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்ததை வாங்கி வந்து, கோட்டுச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு டிராக்டர் கொட்டகையில் நிறுத்தினாள். ஜப்பான் சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் ஒன்றைச் சென்னையில் தேடிப் பிடித்திருந்தாள். இன்ஜின் தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்றை, பெல்ட் போட்டுச் சுற்றும் ஒரு பம்பு வைத்து உள்ளே தள்ளுவதுதான் சூப்பர்சார்ஜர். அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. ஐம்பது குதிரைத்திறன் உள்ள கிழட்டு இன்ஜினை எழுபத்தைந்துக்குக் கொண்டுபோவது திட்டம்.

எதற்காக என்றால் வேலைக்காக. தேவிகா பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேப் உதவியாளர். மாணவர்கள் கழற்றிப் போடும் ஒரே இன்ஜினை, அவர்கள் போன பிறகு மறுபடி மாட்டி வைப்பதுதான் ஏழு வருடமாக அவள் வேலை. கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் ஒரு பட்டறையில் ஆள் தேவை என்று தெரிந்து எழுதிப் போட்டாள். அவர்கள் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. நீங்களே கட்டிய இன்ஜின் ஒன்றைக் கொண்டுவாருங்கள், எங்கள் டைனோவில் ஏற்றி எத்தனை குதிரை என்று அளந்து பார்ப்போம் என்றார்கள். இன்னொருவருக்கும் இதையே சொல்லியிருக்கிறார்கள். இருவரில் ஒருவருக்குத்தான் இடம். தேதி ஏப்ரல் இருபத்தேழு, திங்கட்கிழமை.

இனி கேம் ஷாஃப்ட். இன்ஜினுக்குள் சுற்றும் ஒரு தண்டு அது. அதில் முட்டை வடிவில் எட்டு மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு வால்வைத் திறந்து மூடும். காற்று எப்போது உள்ளே வரும், புகை எப்போது வெளியே போகும் என்பதெல்லாம் அந்த மேட்டின் வடிவத்தில் இருக்கிறது. காரைக்கால்மேட்டில் படகு இன்ஜின் வேலை பார்க்கும் ஹமீது பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொட்டகைக்கு வந்து உதவுவார். பந்தயம் என்றால் பெரிய கேம்தான் போட வேண்டும், வால்வு நெடுநேரம் திறந்திருக்கட்டும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட கேம் போட்ட வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டு உறுமும். கேட்பதற்கே ஒரு இது, என்பார்.

தேவிகா ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய கேமில் உள்ளே வரும் வால்வும் வெளியே போகும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். தானாக மூச்சு விடும் இன்ஜினுக்கு அது நல்லது. ஆனால் காற்றைப் பிடித்துத் தள்ளும்போது அது முன்வாசலில் விருந்தாளிகளை உள்ளே அனுப்பிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். தள்ளிய காற்றும் பெட்ரோலும் நேராகப் புகைக் குழாய்க்குப் போய்விடும். ஆகவே இரண்டு வால்வும் சேர்ந்து திறக்கும் நேரம் குறைவாக உள்ள, மேடுகளுக்கு நடுவில் நூற்றுப் பதினான்கு டிகிரி அகலம் விட்ட, சாதுவான கேம் ஒன்றை வரைந்து கடைந்துதரச் சொல்லி அனுப்பினாள். வந்துசேர ஐம்பது நாள் ஆனது. பார்க்க ஒன்றுமே இல்லை. ஹமீது பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கலெக்டர் வண்டிக்குப் போடுறது பாப்பா," என்றார்.

அடுத்து, முதல் தடவை ஓட்டுவதற்கான அளவுகள். இவற்றை அவள் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தாள். தீப்பொறி எத்தனை டிகிரி முன்னால் விழ வேண்டும் என்பதற்கு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும் ஐடிலில் எட்டு, முழு வேகத்தில் இருபத்தாறுக்கு மேல் கூடாது. அழுத்திய காற்று சீக்கிரம் பற்றிக்கொள்ளும், பொறி முந்தினால் பிஸ்டன் ஓட்டையாகும். கார்புரேட்டரில் பெட்ரோலைத் தாராளமாக விடும் ஊசி. ஒரு படி குளிர்ச்சியான பிளக். வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியானது, ஏனென்றால் தள்ளும் காற்று வால்வையும் தள்ளும். வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் விடும் டாப்பெட் இடைவெளி, இன்ச்சை ஆயிரமாக்கி அதில் பதினைந்து. ஐடில் நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு சுற்று. ஹமீது பாய் இதையெல்லாம் காதால் வைப்பவர். நோட்டைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். ஸ்பிரிங் மட்டும் கெட்டி அதிகமோ என்று ஒரு தடவை கேட்டார். கணக்குப் போட்டுத்தான் பாய் வைத்தேன் என்றாள்.

எல்லாம் மாட்டி முடிந்தது இருபத்துமூன்றாம் தேதி, வியாழக்கிழமை சாயங்காலம். வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிப்போக ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம் முடிந்தால், சனிக்கிழமை சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு. ஆனால் வெள்ளி காலையில் அவளுக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார், லீவு கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கரையேற்றிய படகுகளின் இன்ஜினையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு ஹமீது பாய் காரைக்கால்மேட்டை விட்டு நகர முடியாமல் இருந்தார். மூன்றரைக்கு வந்துவிடுவேன், நாலு மணிக்கு நானே ஸ்டார்ட் பண்ணுகிறேன் என்றாள் தேவிகா.

அம்மா காலண்டரைப் பார்த்தாள். அம்மா பெயர் பெரியநாயகி. பெயருக்கு ஏற்ற மாதிரி குரல் உயர்த்தாமலேயே வீட்டை நடத்துபவள். வெள்ளிக்கிழமை மூன்று முதல் நாலரை வரை எமகண்டம். காலை ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை நல்ல நேரம். பெண்ணுக்கு வாழ்க்கை கொடுக்கப் போகிற இன்ஜினை எமகண்டத்திலா கண் திறப்பது என்று கேட்டாள். தேவிகா, எனக்குத் தெரிந்த கண்டம் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை லாரி என்றாள். பேச்சு வளர்ந்தது. கடைசியில், நான் வராமல் யாரும் அதைத் தொடக் கூடாது என்றாள். சரி, தொடவில்லை என்றாள் அம்மா. காரணத்தைச் சொல்லும் நிலையில் தேவிகா இல்லை, கேட்கும் நிலையில் நாங்களும் இல்லை. காரணம் நோட்டில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பயணம் கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்தில் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். கிளம்பியாயிற்று என்று கணக்கு. அப்புறம் ராகு காலத்தில் பஸ் ஏறினாலும் கேள்வி இல்லை. ஆடியில் குடி போக முடியாது என்றால் ஆனியிலேயே பாலைக் காய்ச்சிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவோம். விதைப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றால் நாள் பார்த்து ஒரு கைப்பிடி நெல்லை மூலையில் தூவிவிடுவோம். இப்படிப் பேருக்குச் செய்தது எதையும் கெடுத்து நான் பார்த்ததில்லை. நிஜமாகச் செய்ததுதான் பல தடவை கெடுத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை தேவிகா போனதும் அம்மா என்னிடம் வந்தாள். "பேருக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி நிறுத்திடுய்யா. அவ வந்து அவ இஷ்டத்துக்கு ஓட்டிக்கட்டும்," என்றாள். அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொன்னேன். இதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அம்மா மனசு சமாதானமானால் சாயங்காலம் வீட்டில் சண்டை இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

நோட்டு முன் சீட்டில் இருந்தது. தேங்காய் வைக்க இடம் வேண்டி அதை எடுத்துப் பின் சீட்டில் போட்டேன். திறக்கவில்லை. ஒன்பது நாற்பத்திரண்டுக்குச் சாவியைத் திருப்பினேன். கோழி அடைந்த வண்டி, அதுவும் இத்தனை பேர் இத்தனை அபிப்பிராயம் சொன்ன வண்டி, மறு பேச்சில்லாமல் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அம்மா மணி அடித்துக் கற்பூரம் காட்டினாள். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் காசியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். சத்தம் கேட்டு வருவதற்குள் நிறுத்திவிட்டீர்களே என்றார். அவர் முகத்துக்காக இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தேன், இரண்டு நிமிடம். நிறுத்தியதும் அம்மா யோசித்தாள். இரட்டைப்படையில் விடக் கூடாது, மூன்றாக வைத்துவிடு என்றாள். மூன்றாகவும் வைத்தேன். ஆக ஏழு நிமிடம். எல்லாம் பத்தேகாலுக்குள் முடிந்தது. பத்தரைக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாலை மூன்றரைக்கு தேவிகா வந்தாள். முகம் கழுவிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். நானும் சீக்கிரமே வந்திருந்தேன். எமகண்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, டீ கொண்டுவந்து கொடுத்தாள். தேவிகாவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. அம்மா உள்ளே போனதும் என்னிடம் மெதுவாக, "அம்மா ஒண்ணுமே சொல்லல பாத்தியாண்ணே. எம்மேல நம்பிக்கை வந்துருச்சு," என்றாள். நான் ம் என்றேன்.

நாலு மணிக்கு ஸ்டார்ட் செய்தாள். பிடித்த கணமே வேகத்தை இரண்டாயிரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். இருபது நிமிடம் அதைக் குறைக்கவே கூடாதாம். பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். எழுதியபடியே இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பல வருடமாகப் பார்த்ததில்லை.

ஆறாவது நிமிடத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. ஒன்பதாவது நிமிடத்தில் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. ஒரு தடவை, பிறகு தொடர்ந்து. நிறுத்திவிட்டாள். மேல் மூடியைக் கழற்றி, மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக டாப்பெட் இடைவெளியில் நுழைத்துப் பார்த்தாள். மூன்றாவது சிலிண்டரில் புகை போகும் வால்வுக்குப் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் எழுபது தாண்டியது. இன்ஜினைக் கையால் சுற்றச் சொன்னாள். சுற்றினேன். மற்ற வால்வுகள் இறங்கி ஏறின. அது அசைந்தது, அவ்வளவுதான். கேமின் அந்த மேடு தேய்ந்து மழுங்கிவிட்டது. இன்னும் இரண்டு மேடுகள் பாதி வழியில் இருந்தன. வடித்த எண்ணெயில் இரும்புப் பொடி மினுமினுத்தது.

அவள் கத்தவில்லை, அழவில்லை. பின் சீட்டில் கிடந்த நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டாள். மூன்று தடவை போட்டாள். ஹமீது பாய்க்கு ஃபோன் செய்து ஸ்பிரிங் அழுத்தத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. கெட்டி கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்திருக்கும் பாப்பா, மேட்டை அழுத்திச் சுரண்டிவிட்டது என்றார். ஆமாம் பாய், என் தப்புதான் என்றாள்.

எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் அவள் எழுந்து கை கழுவப் போனபோது, விரித்துக் கிடந்த நோட்டின் அந்தப் பக்கம் தெரிந்தது. முதல் ஸ்டார்ட் என்று தலைப்பு. கீழே, ஐடிலில் விடவே கூடாது, அடிக்கோடு. வேகமாகச் சுற்றினால்தான் கீழிருந்து எண்ணெய் தெறித்துக் கேமில் விழும், ஐடிலில் மேடுகள் காய்ந்து உரசும், புது கேம் சில நிமிடங்களில் போய்விடும். முத்து முத்தான கையெழுத்து. எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கை கழுவிவிட்டுத் துண்டைத் தேடியபோது சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வாசற்படியில் நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் தேவிகா கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டுவிட்டாள். இன்ஜின் முதல் ஓட்டத்தில் போய்விட்டது, திங்கட்கிழமை கொண்டுவர முடியாது, ஸ்பிரிங்கை நான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று நேராகச் சொன்னாள். இன்னொரு கேம் வர ஐம்பது நாள் ஆகும் என்றாள். அந்தப் பக்கம் பேசியவர் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சொன்னாராம். அந்த இன்னொருவரைப் பார்க்கிறோம், பிறகு எப்போதாவது சொல்கிறோம் என்றாராம்.

ஃபோனை வைத்த பிறகுதான் சொன்னேன். காலையில் ஸ்டார்ட் செய்தது, மூன்று தடவை, ஏழு நிமிடம், எல்லாம் ஐடிலில். எழுத்தர் வேலை பார்க்கிறவனுக்கு வரிசையாகச் சொல்ல மட்டும் வருகிறது.

அவள் தரையில் கிடந்த நோட்டை எடுத்து ஸ்பிரிங் கணக்கைப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஸ்பிரிங் சரியா இருந்துச்சு," என்றாள். கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. நானே கோயம்புத்தூருக்குப் பேசுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம்ணே. கணக்குல தப்புன்னா இந்தப் பொண்ணு திருத்திக்கும்னு நெனைப்பாங்க. வீட்ல நல்ல நேரம் பாத்து மூணு தடவ ஸ்டார்ட் பண்ணாங்கன்னா, அந்தப் பொண்ணு வீட்லேருந்தே வெளில வரலன்னு நெனைப்பாங்க."

எடுத்த ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தேன்.

அம்மா படியிறங்கி வந்தாள். நான்தான் அவனைச் செய்யச் சொன்னேன், அவனைத் திட்டாதே என்றாள். தேவிகா யாரையும் திட்டவில்லை. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். முதல் ஓட்டம் என்று எழுதி, நேரம் கேட்டாள். ஒன்பது நாற்பத்திரண்டு என்றேன். அதை மட்டும் உடனே சொல்ல முடிந்தது. எத்தனையாவது திருப்பில் பிடித்தது என்று கேட்டாள். முதல் திருப்பில் என்றேன். எழுதிக்கொண்டாள்.

"ஐடில் எப்படிம்மா இருந்துச்சு? குலுங்குச்சா?"

அம்மா யோசித்தாள். "குலுங்கல. ஆரத்தித் தட்ட மட்காட்டு மேலதான் வச்சிருந்தேன், மூணு தடவையும். ஓரத்துல தண்ணி லேசா சிலிர்த்துச்சு. நடுவுல அசையவே இல்லடி. அட, இவ்ளோ சாதுவா இருக்கேன்னு நெனச்சேன்."

பாய் சொன்ன கேமாக இருந்தால் தட்டே கீழே விழுந்திருக்கும் என்றாள் தேவிகா. ஆரத்தித் தண்ணீர், ஓரத்தில் லேசான அதிர்வு, நடுவில் இல்லை என்று எழுதிக்கொண்டாள். ஐந்து மாதம் அவள் வரைந்தும் அழித்தும் தேர்ந்தெடுத்த கேம், அவள் நினைத்தபடியே ஓடியிருக்கிறது. ஓடியபோது அவள் கல்லூரியில் தேர்வாளருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தட்டைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னாள். அம்மா மறுபடி சொன்னாள். அதற்குள் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ எங்கண்ணே நின்ன?"

உள்ளே உட்கார்ந்திருந்தேன், ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு என்றேன். அப்படியென்றால் உனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும், சத்தம் சீராக இருந்ததா, விட்டுவிட்டு வந்ததா, கையில் அதிர்வு எப்படி இருந்தது, சொல்லு என்றாள். பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள். ஏழு நிமிடம் அந்த இன்ஜினை முதன்முதலில் ஓட்டியவன் நான். பத்தேகாலுக்குள் முடியுமா, அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்பதைத் தவிர அந்த ஏழு நிமிடத்தில் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

"தெரியல தேவி," என்றேன்.